மாஞ்சோலைக்குப் போவோமா மக்கா?

கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கு கேன்டீனில் வைத்து ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. இந்த லீவில் ஒரு நேஷனல் பார்க் போயே ஆகணும். ஏழு பேர், ஒரு வாடகைக் கார், செலவு தலைக்கு ஆயிரத்தைத் தாண்டக்கூடாது. (கடைசி நிபந்தனை என்னுடையது.)

முதலில் எல்லோர் வாயிலும் வந்த பெயர் முதுமலை. இன்ஸ்டாகிராமில் பார்க்கிற யானை, மான், வளைவு வளைவான ரோடு எல்லாம் அங்கேதானே இருக்கிறது. ஆனால் மேப்பைத் திறந்ததும் உற்சாகம் பாதியாகிவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து மதுரை, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று ஏறி ஊட்டி போய், அங்கிருந்து கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் மசினகுடி. ஒரு நாள் போவதற்கே சரியாகிவிடும். நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். முதுமலையைத் தாண்டி பந்திப்பூருக்குள் போகலாம் என்றால் அங்கே ராத்திரி 9 மணிக்கு ரோட்டை மூடிவிடுவார்கள், 2009-லிருந்தே அப்படித்தான். பெட்ரோல் கணக்கைப் போட்டுப் பார்த்தவன் போனை கீழே வைத்துவிட்டு வடை சாப்பிட ஆரம்பித்தான்.

"ஏல, நம்ம ஊர்லயே மாஞ்சோலை கெடக்கு, முதுமலைக்கு எதுக்குலே போகணும்?" என்றான் ஒருத்தன். எல்லாருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்தில் இருக்கிறதனாலேயே கண்ணில் படாமல் போவது எல்லா ஊரிலும் உள்ள வியாதிதான்.

ஒரு சின்னத் திருத்தம். மாஞ்சோலை நேஷனல் பார்க் கிடையாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற தேயிலைத் தோட்ட ஊர் அது. முண்டந்துறையை 1962-லேயே புலிகள் சரணாலயம் ஆக்கினார்கள். நாடு முழுக்க புலிகள் பாதுகாப்புத் திட்டம் வந்தது 1973-ல்தான், அதற்கு 11 வருஷம் முன்னாடி! களக்காடு சரணாலயம் 1976-ல் வந்தது. இரண்டையும் சேர்த்து 1988-ல் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். இதையெல்லாம் கேன்டீனில் நான் சொன்னபோது, "புலி பாக்கலாமாலே?" என்று மட்டும் கேட்டார்கள். பார்க்க முடியாது மக்கா. இது அடர்ந்த மழைக்காடு, பத்தடி தள்ளி யானை நின்றாலே தெரியாது. அதிர்ஷ்டம் இருந்தால் சிங்கவால் குரங்கு. அதிர்ஷ்டமே இல்லாவிட்டாலும் அட்டைக்கடி நிச்சயம்.

திட்டம் சூடுபிடித்தது. மேலப்பாளையம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வரைக்கும் வயலும் வாய்க்காலுமாக நல்ல ரோடு. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்குவது என்று அப்போதே தீர்மானம் (சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் முன்யோசனைக்காரர்கள்). அங்கிருந்து தெற்கே திரும்பினால் மணிமுத்தாறு அணை. 118 அடி உயரம் தண்ணீர் தேக்கலாம். அணையை ஒட்டியே வனத்துறை செக்போஸ்ட். அதற்கு மேலே மணிமுத்தாறு அருவி, அப்புறம் மலை ரோடு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியாகக் குதிரைவெட்டி. இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், பாட்டு மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் வானிலை அறிக்கை கேட்கிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் நல்ல பழக்கம். நாலுமுக்கிலும் ஊத்திலும்தான் மாநிலத்திலேயே அதிக மழை என்று பல நாள் வரும்.

அனுமதி விஷயத்தை விசாரிக்க ஒருத்தனை அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பினோம். அவன் கொண்டுவந்த செய்தி: முன்கூட்டியே அனுமதி வாங்கணும், நினைத்தபடி எத்தனை வண்டி வேண்டுமானாலும் விடமாட்டார்கள், போன அன்றைக்கே இறங்கிடணும், மழை பெய்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ ரோடு மூடல். விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் கிளம்புகிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேட்டுக்கணும். நீங்களும் அப்படியே செய்யுங்கள், யாரோ எழுதினதை நம்பிப் போய் செக்போஸ்ட்டில் நின்று தகராறு பண்ணாதீர்கள்.

எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தபோதுதான் எங்களில் ஒருத்தன் அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

"நீங்க போயிட்டு வாங்கலே. நான் வரல" என்றான்.

காசுப் பிரச்சினை என்று நினைத்து, நாங்கள் போட்டுக்கொள்கிறோம் என்றோம். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அம்மா பொறந்த ஊருக்கு நான் அனுமதிச் சீட்டு வாங்கிட்டு டூரிஸ்ட்டா போகணுமா? போயி எங்க பாட்டி வீட்டு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கணுமா?"

மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். அவன் அம்மா ஊர் நாலுமுக்கு என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை.

அன்றைக்கு அவன் சொன்னதையும், அப்புறம் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த மலை சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. 1929-ல் ஜமீன் சுமார் 8,373 ஏக்கர் காட்டை பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. காட்டை வெட்டித் தேயிலை போட கீழே இருந்து ஆட்களைக் கூட்டிப் போனார்கள். போனவர்களில் பெரும்பாலானவர்கள் நிலம் இல்லாத தலித் குடும்பங்கள். அட்டைக்கும் குளிருக்கும் மழைக்கும் நடுவில் வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் நாலு தலைமுறை வாழ்ந்தார்கள். 1952-ல் ஜமீன் ஒழிந்தது, நிலம் அரசாங்கத்துக்கு வந்தது, குத்தகை மட்டும் அப்படியே தொடர்ந்தது. 2018-ல் அந்த இடம் காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்டது. குத்தகை முடியவேண்டியது 2028-ல். கம்பெனி அதற்கு முன்பே, 2024 ஜூனில், வேலையை நிறுத்திக்கொண்டு தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள்.

தேயிலைத் தோட்டத்து வீட்டைப் பற்றி நமக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அந்த வீடு வேலையோடு ஒட்டினது. வேலை இருக்கிறவரைக்கும் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்யணும், இல்லாவிட்டால் மகனோ மகளோ அதே தோட்டத்தில் பேர் பதிந்து அந்த வீட்டைக் காப்பாத்தணும். நாற்பது வருஷம் கொழுந்து பறித்த ஒரு அம்மாவுக்கு அந்த மலையில் ஒரு சென்ட் நிலத்துக்குக்கூட பட்டா கிடையாது. என் நண்பனின் பாட்டி ஓய்வுக்குப் பிறகும் மேலேயே இருந்தது அவன் மாமா அங்கே வேலை பார்த்ததனால்தான். மாமாவுக்கு வேலை போனதும் இரண்டு பேரும் கீழே இறங்கிவிட்டார்கள். இப்போது கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீடு. ஆமாம், நாங்கள் அப்பளம் வாங்கத் திட்டம் போட்ட அதே கல்லிடைக்குறிச்சி.

தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமான டான்டீ எடுத்து நடத்தணும், எங்களை அங்கேயே இருக்கவிடணும் என்று தொழிலாளர்கள் தரப்பில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2024 டிசம்பரில் அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. சமவெளியில் வீடு, தொழிலுக்குக் கடன் என்று மறுவாழ்வு உதவிகளை அரசு அறிவித்தது.

இதற்கெல்லாம் முன்னாடி 1999. ஜூலை 23. கூலி உயர்வு கேட்டுப் போராடிச் சிறைக்குப் போன மாஞ்சோலைத் தொழிலாளர்களை விடுதலை செய்யச் சொல்லி நெல்லையில் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் வந்தது. தடியடி நடந்தது. கூட்டம் தப்பிக்க ஆற்றுக்குள் இறங்கியது. 17 பேர் செத்துப்போனார்கள், ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. கொக்கிரகுளத்தில், நாம் ஜங்ஷனுக்குப் போக பஸ்ஸில் தாண்டுகிற சுலோசன முதலியார் பாலத்துக்குப் பக்கத்தில். வருஷா வருஷம் ஜூலை 23 அன்று ஆற்றில் பூப்போட ஆட்கள் வருவார்கள், டிராஃபிக்கைத் திருப்பிவிடுவார்கள், நாம் லேட்டாகிறதே என்று சலித்துக்கொள்வோம். நான் சலித்திருக்கிறேன். என் நண்பனின் தாத்தா அன்றைக்கு அந்த ஊர்வலத்தில் இருந்தவர், கரையேறித் தப்பினவர். பிறகு பல வருஷம் கழித்து நோயில் இறந்துபோனார். அவரைப் புதைத்தது மேலே, தோட்டத்துக் கல்லறையில்.

இவ்வளவையும் கேட்ட பிறகு டூர் பிளான் என்ன ஆகும்? வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு நாள் யாரும் எதுவும் போடவில்லை. அப்புறம் ஒருத்தன் போட்டான்: "எல்லாம் சரி, ஆனா காடு காடா மாறினா நல்லதுதானே?"

நியாயமான கேள்வி. இதற்குத்தான் நான் யோசித்துப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

காடு திரும்பி வருவது நல்லது, சந்தேகமே இல்லை. நாம் குடிக்கிற தாமிரபரணி அந்த மலையிலிருந்து வருகிறது. நம் மாவட்டத்து நெல்லும், அல்வாவுக்கே ருசி கொடுப்பதாக நாம் பீற்றிக்கொள்கிற தண்ணீரும் அந்தச் சோலைக்காடு பிடித்துவைத்து விடுகிற மழைதான். காட்டுக்காக வாழ்நாள் முழுக்கப் பேசின ஏ.ஜே.டி. ஜான்சிங் நம் நாங்குநேரிக்காரர், உலகம் மதித்த காட்டுயிர் அறிஞர். அவர் காலமானதும் 2024 ஜூனில்தான், தோட்டம் மூடின அதே மாதம். வனத்துறைமேல் எனக்குப் பகையும் இல்லை. அவர்கள் செக்போஸ்ட் போட்டு நிறுத்தாவிட்டால் நம்மாட்கள் அந்த மலையை ஒரே வருஷத்தில் பிளாஸ்டிக் பையும் பீர் பாட்டிலுமாக ஆக்கிவிடுவார்கள். குற்றாலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

என் சந்தேகம் வேறு. அங்கே நாலு தலைமுறையாக இருந்த மனுஷன் இருந்தால் காட்டுக்கு ஆகாது என்று கணக்குப் போடுகிறோம். அதே காட்டுக்குள் ஒரு நாள் போய் வருகிற என் வாடகைக் காரால் மட்டும் ஒன்றும் ஆகாதா? அவர்கள் ஹாரன் அடிக்கவில்லை, ரீல்ஸ் எடுக்கவில்லை. எந்த மாதம் யானை எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்து வழிவிட்டு நடந்தார்கள். மனுஷனை இறக்கிவிட்டு அந்த இடத்தில் டூரிஸ்ட்டை ஏற்றினால் அது காடு வளர்ப்பு ஆகாது. குடியிருந்தவனைக் காலி செய்துவிட்டு வீட்டை லாட்ஜ் ஆக்குகிற வேலை அது.

இது நம்ம ஊரில் மட்டும் நடக்கிற கதையும் இல்லை. உலகத்தின் முதல் தேசியப் பூங்கா என்று அமெரிக்காவில் 1872-ல் யெல்லோஸ்டோனை அறிவித்தார்கள். அதற்குள் காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளை வெளியே அனுப்பினார்கள், டூரிஸ்ட்டுகளை உள்ளே விட்டார்கள். காரில் குடும்பத்தோடு போய் இயற்கையை ரசிப்பது என்கிற பழக்கமே அப்படித்தான் பெருகியது. மனுஷ வாசனையே இல்லாத காடு என்று நாம் நினைத்துப் போகிற பல இடங்கள் காலி செய்யப்பட்ட இடங்கள்.

நடுவில் ஒரு யானைக் கதை. சின்னக்கானலில் அரிசிக்கடையை உடைக்கிறது என்று அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு பக்கம் விட்டார்கள். அது கம்பத்துக்கு இறங்கியது. மறுபடி பிடித்து ஜூனில் நம் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். செப்டம்பரில் அது மாஞ்சோலைத் தோட்டப்பக்கம் வந்து நின்றது. அப்போது அங்கே ஜனம் இருந்தது, வாழை மரம் போனதுதான் மிச்சம். அடுத்த வருஷம் தேயிலைத் தொழிலும் போனது. ஊரைவிட்டு வந்த யானைக்கு இடம் கொடுத்த ஊரே காலியாகிறது. இதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாததால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

என் கருத்து இதுதான். தோட்டத்து நிலத்தைக் காடாக்கும் வேலை முடிகிறவரைக்கும் தனியார் டூரிஸ்ட் வண்டிகளை நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் விடவே கூடாது. மணிமுத்தாறு அணையோடு நாம் நின்றுகொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது. அந்த மலையில் பிறந்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் கோவிலுக்கு, சர்ச்சுக்கு, கல்லறைக்குப் போய்வர ஒரு நிரந்தர அட்டை கொடுக்கணும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு இதே புலிகள் காப்பகத்துக்குள்தான் லட்சக்கணக்கில் ஜனம் போகிறது. அதற்கு ஏற்பாடு செய்ய முடிகிறவர்களுக்கு இது பெரிய காரியமா? பின்னாளில் சுற்றுலா என்று ஒன்று வந்தே தீரும் என்றால், பஸ் ஓட்டுவது, வழிகாட்டுவது, டீ போடுவது எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். காட்டுக்குள் காணிக்காரர்கள் இன்றைக்கும் குடியிருக்கிறார்கள், புலி அவர்களைப் பார்த்து ஓடிவிடவில்லை.

இப்படி எழுதிவைத்துக்கொண்டு, ஆகவே நாங்கள் மாஞ்சோலை போகவில்லை என்று முடித்திருப்பேன். அதற்குள் நண்பன் எங்களைக் கல்லிடைக்குறிச்சிக்குக் கூட்டிப்போனான். பஸ்ஸில்தான் போனோம். பாட்டி வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும். வெயில் கொளுத்துகிற மத்தியானத்திலும் பாட்டி ஒரு பழைய கம்பளி சால்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தது. எங்களுக்குக் கட்டன் சாயா போட்டுத் தந்தது. கடைத்தூள்தான், "இது தூளா, மண்ணு" என்று அதுவே சொல்லிக்கொண்டது.

நான் பெரிய மனுஷத்தனமாக, "பாட்டி, நாங்க மேல போகப் போறதில்ல. உங்கள எறக்கிவிட்ட எடத்துக்கு நாங்க எதுக்கு டூர் போகணும்?" என்றேன்.

பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தது. "போகலன்னா எனக்கு என்னய்யா கெடைக்கும்?" என்று கேட்டது. "முன்னாடி டூருக்கு வாற பிள்ளைக மாஞ்சோலைக் கடையில டீ குடிப்பாக, நல்லாத்தான் பேசுவாக. ஒங்க மேல எனக்கு என்ன கோவம்? முடிஞ்சா நவம்பர் ரெண்டாந்தேதி போங்க. கல்லறைத் திருநாளு. எங்க வீட்டு அவுக குழிமேல ஒரு மெழுகுவத்தி கொளுத்திட்டு வாங்க. புல்லு மண்டிக் கெடக்கும், ஒரு அருவா கொண்டு போங்க."

நான் இவ்வளவு நேரம் எழுதின கருத்து எல்லாம் அந்த ஒரு அறை வீட்டில் எடுபடவில்லை. அந்தக் கருத்து தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் போகாமல் இருப்பதும் எனக்குச் சுலபமான வழிதான் என்று அப்போது பட்டது.

திட்டம் மாறிவிட்டது. வருகிற நவம்பர் 2-க்கு அனுமதி கேட்டு அம்பாசமுத்திரத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். முதல் தாளில் நோக்கம் என்று சுற்றுலா எழுதினோம், அதைக் கிழித்துவிட்டு கல்லறைத் திருநாள் என்று எழுதினோம். வடகிழக்குப் பருவமழை நேரம், ரோடு திறந்திருக்குமா என்பது வானத்தைப் பொறுத்தது. பயணிகள் பட்டியலில் முதல் பெயர் பாட்டியுடையது, இரண்டாவது நண்பனுடையது. அவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். கம்பளி சால்வையும் வரும்.

ஒரே சிக்கல், கார் ஏழு பேருக்குத்தான். பாட்டியோடு சேர்த்தால் எட்டு. யாராவது ஒருத்தன் மணிமுத்தாறு அணையில் இறங்கி, மற்றவர்கள் திரும்பி வருகிறவரைக்கும் உட்கார்ந்திருக்கணும். அநேகமாக நான்தான். எனக்கு வளைவு ரோட்டில் வாந்தி வரும்.